மிகச் சிறந்தவை, தொகுதி இரண்டு

கர்நாடக இசைத் தொகுப்பு என்பது, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பாடல்களை வேறு அட்டைப்படத்தோடு இன்னொரு முறை வாங்குவதற்கான ஏற்பாடு. புகழ்பெற்ற வித்வான்களின் புகழ்பெற்ற பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தருவதே நோக்கம் என்று உறையில் அச்சிட்டிருக்கும். இசைத்தட்டு, கேசட், சிடி, பாட்டுப்பெட்டி என்று எத்தனை அவதாரம் எடுத்தாலும் உள்ளே குடியிருப்பவை அநேகமாக அதே பத்துப் பன்னிரண்டு உருப்படிகள்தான். பெங்களூரில் இதற்குத் தனி மவுசு உண்டு. கன்னடமும் தமிழும் தெலுங்கும் புழங்கும் அடுக்ககத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சத்தமாக வைத்தாலும் யாரும் வந்து கதவைத் தட்டாத ஒரே ஒலி இதுதான். தட்ட நினைப்பவரும், பாவம் சேருமோ என்று பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை ரசனை முடிவு செய்வதாகப் பொதுவாக நம்பப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலும் முடிவு செய்தது கொள்ளளவுதான்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பெர்க், கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று அறிவிப்பார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியது யாரென்று தெரிய வேண்டுமே. கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் இருந்த அவர், 1930 ஜனவரியில் மைசூரில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெங்களூர்க்காரர் விக்ரம் சம்பத், பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றும் காப்பகம் ஒன்றையும் பிறகு தொடங்கினார். அந்தக் காலத் தட்டுகளில் ஒரு சௌகரியம்: இரைச்சலுக்கு நடுவே பாட்டு கேட்காமல் போனாலும் பாடியவர் பெயர் கேட்டுவிடும்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடினாலும் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. ஆலாபனை நாலு பிடிகளுக்குள் அடங்கியது. பல்லவியில் சங்கதிகள் பாதியாயின. சரணத்துக்கு வரும்போது வித்வானுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வந்துவிடும். இரவு முழுக்க நாகஸ்வரத்தில் தோடியை வாசித்து ஊரையே உட்கார வைத்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் தட்டுக்கென்று வந்தபோது அதைச் சில நிமிடங்களுக்குள் மடக்கித்தான் கொடுத்தார். தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை மாற்றி, சாவி கொடுக்கும் வரை தோடி காத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நிமிடத்தைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. கோயம்புத்தூர் தாயியின் தட்டு பாரிஸ் வரை போய், மொரீஸ் டெலாஜ் என்ற இசையமைப்பாளரை அதைப் பியானோவுக்கு எழுதிப் பார்க்கும் அளவுக்குக் கலங்கடித்தது. மிருதங்கத்தின் நாதத்துக்காக அவர் பியானோத் தந்திக்கு அடியில் அட்டையைச் செருக வேண்டியிருந்தது.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். குழந்தைகள் உள்ள வீடுகளில் தொகுப்பு இவ்விதமாகத் தானே சுருங்கிச் சுருங்கி, உண்மையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது போன்ற தோற்றத்தைப் பெற்றது.

அடுத்து வந்தது நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சொச்சம் முறை சுற்றும் எல்.பி. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததும் தென்னிந்தியா அதை எதற்குப் பயன்படுத்தியது என்பது உலகறிந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் வெளிவந்தது. அதன் ராயல்டியை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். பெருமாளைத் துயிலெழுப்ப இயற்றப்பட்டது என்றாலும், நடைமுறையில் அது குடும்பத்தின் கால அட்டவணை. சுப்ரபாதம் முடிவதற்குள் பால் காய்ந்திருக்க வேண்டும். ஸ்தோத்திரம் முடிவதற்குள் குளித்திருக்க வேண்டும். மங்களாசாசனம் வரும்போதும் படுக்கையில் கிடப்பவரைப் பற்றி வீட்டில் நல்ல அபிப்பிராயம் இருக்காது. விஷ்ணு சஹஸ்ரநாமத்தோடு வந்த பஜகோவிந்தத்துக்கு ராஜாஜி ஆங்கிலத்தில் முன்னுரை பேசியிருக்கிறார். பல வீடுகளில் குழந்தைகள் முதன்முதலில் மனப்பாடம் செய்த ஆங்கிலம் அதுதான். அர்த்தம் கேட்டால் விழிப்பார்கள். ஆனால் ராஜாஜி எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது அத்துப்படி.

எண்பதுகளில் கேசட் வந்ததும் தொகுப்புகள் பெருகின. காந்தி பஜார், மல்லேஸ்வரம் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக நின்றன. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்பதால், இருபத்தேழாவது நிமிடத்தில் தொடங்கும் கிருதி அனுபல்லவியோடு நின்று, மறுபக்கத்தில் அனுபல்லவியிலிருந்தே தொடரும். அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், சபாவில் அதே கிருதியைக் கேட்கும்போது அந்த இடத்தில் தங்களை அறியாமல் எழுந்து நிற்பதுண்டு. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவதே பராமரிப்பு முறை. பின்னால் வந்த சிடியில் 74 நிமிடம் இருந்தது. சில்க் போர்டு சந்திப்பைக் காரில் கடப்பதற்கு அது ஏறத்தாழப் போதும். மழை பெய்தால் தில்லானாவுக்குப் பிறகு மறுபடி பிள்ளையாரிலிருந்து தொடங்க வேண்டும்.

தொகுப்பின் உள்ளடக்கத்துக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் ஹம்ஸத்வனியில் பிள்ளையார். அவரை இரண்டாவதாகப் போடும் துணிச்சல் எந்தக் கம்பெனிக்கும் வந்ததில்லை. பிறகு ஸ்ரீராகத்தில் தியாகராஜரின் பஞ்சரத்தினம், அதன் பின் ஆபேரி. பெங்களூரில் விற்கும் தொகுப்பாக இருந்தால், புரந்தரதாசர் பாடிய வெள்ளிக்கிழமை லட்சுமி தவறாமல் வருவார். மத்தியமாவதியில் ஒன்றும், பீம்சேன் ஜோஷி பாடிய இந்துஸ்தானி வடிவில் ஒன்றும் என இரண்டு முறையும் வரலாம். யாரும் ஆட்சேபிப்பதில்லை, லட்சுமி எத்தனை முறை வந்தாலும் நல்லதுதான். கமாஸ் ராகக் கிருதி ஒன்று வந்தால், அது மைசூர் வாசுதேவாச்சாரியாருடையது என்று வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் நினைவூட்டுவார். ஏழு தந்தி வயலின் வந்தால் சௌடையா என்றும், மல்லேஸ்வரத்தில் அவர் பெயரில் வயலின் உருவத்திலேயே ஒரு அரங்கம் இருக்கிறது என்றும் அதே நபர் சொல்வார். அரங்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்பதுதான் தெரியாது.

மொழிப் பங்கீடு நுணுக்கமான விஷயம். தியாகராஜர் வாழ்ந்தது திருவையாற்றில், பாடியது தெலுங்கில். அவருடைய சமாதியில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தீட்சிதர் திருவாரூர்க்காரர், பாடியது சம்ஸ்கிருதத்தில். கச்சேரியில் தமிழுக்கு எத்தனை இடம் என்ற கேள்விக்காகவே 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்து, சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் பிறந்தது. தொகுப்பாளர்கள் இவ்வளவு பெரிய விவாதத்தைத் துக்கடாப் பகுதியில் தீர்த்துவிடுகிறார்கள். கடைசி நான்கு உருப்படிகளில் கன்னடத்துக்கு ஒரு தேவரநாமா, தமிழுக்குக் கானடாவில் ஒரு ஊத்துக்காடு, தெலுங்குக்கு ஒரு அன்னமாச்சாரியார், வடக்கே இருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஒரு மீரா பஜன். நாலு வீட்டுக்கும் நவராத்திரிச் சுண்டல் போனது போலாகிவிடும்.

சேர்க்கப்படாதவற்றுள் முதலிடம் தனி ஆவர்த்தனத்துக்கு. சபாவில் அந்த நேரத்தில் பாதிப் பேர் காபி குடிக்கப் போகிறார்கள் என்பதால், தொகுப்பாளரும் அதையே ரசிகர் விருப்பமாக எடுத்துக்கொண்டு கத்தரித்துவிடுகிறார். மிருதங்கக்காரர் பெயரும் உறையில் இருக்காது. வயலின்காரர் பெயர் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். முன்வரிசையில் இருமியவரின் இருமல் மட்டும் முழுதாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும். தொகுப்பின் பெயரில் ‘மிகச் சிறந்தவை’ என்பது கட்டாயம். விற்பனை நன்றாக இருந்தால், மிகச் சிறந்தவற்றில் எஞ்சிய மிகச் சிறந்தவை இரண்டாம் தொகுதியாக வெளிவரும். மூன்றாம் தொகுதியில் பொதுவாகப் பிள்ளையார் மறுபடி வருவார்.

எம்பி3 வந்த பிறகு ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கின. இடப் பிரச்சினை தீர்ந்தது, அடையாளப் பிரச்சினை தொடங்கியது. கௌஹர் ஜான் காலத்தில் தட்டே பெயர் சொன்னது. இப்போது திரையில் ‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’ என்று வரும். கர்நாடக இசையின் மிகப் பெரிய மேதை இவர்தான். ஆண் குரலிலும் பெண் குரலிலும் பாடுவார். வீணை, புல்லாங்குழல், நாகஸ்வரம், கடம் எல்லாம் வாசிப்பார். எந்த சபாவிலும் இதுவரை விருது வாங்கியதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தோடிக்கு ‘ஹெச்’ உண்டா இல்லையா என்பது முடிவாகாததால், தோடி இரண்டு இடங்களில் கிடைக்கும். தேடும்போது இரண்டிலும் கிடைக்காது. இதைவிடப் பெரிய விபத்து அகர வரிசை. ஆங்கில அகர வரிசைப்படி மங்களம் முதலில், தில்லானா அடுத்து, வர்ணம் கடைசியில். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியை ஒரு பென் டிரைவ் ஒரே நொடியில் தலைகீழாக்கிவிட்டது.

தொகுப்பின் பயன்பாடு நேரத்தையும் இடத்தையும் பொறுத்தது. காலை ஆறரைக்குத் தர்ஷினி ஓட்டலில் வீணைத் தொகுப்பு: நின்றுகொண்டே இட்லி சாப்பிடுபவர் வேகமாக இடத்தைக் காலி செய்ய மத்திம காலக் கிருதிகள் உதவுகின்றன. பல் மருத்துவர் வரவேற்பறையில் புல்லாங்குழல். அந்த ராகத்தைப் பிறகு எங்கே கேட்டாலும் கடைவாய்ப் பல் கூசும். தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும்போது ஒலிக்கும் பதினைந்து விநாடி மோகனத்துக்கு ஆரோகணம் உண்டு, அவரோகணம் கிடையாது.

கல்யாணச் சத்திரத்தில் நடப்பது தனி. மேளக்காரர் இல்லாத கல்யாணத்தில் மங்கல வாத்தியத் தொகுப்பே மேளக்காரர். மைக் செட்டுக்காரர் மேடைக்கு இடப்புறம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். முகூர்த்தம் நெருங்கும்போது கெட்டிமேளம் எத்தனையாவது டிராக் என்பது அவருக்குத் தெரியும், சற்று முன்புவரை தெரிந்திருந்தது. சாஸ்திரிகள் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். ஒலிபெருக்கியில் ஆனந்தபைரவி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். சாஸ்திரிகள் விரலை வேகமாக ஆட்டுவார். ஒரு ஊஞ்சல் பாட்டு தொடங்கி நிற்கும், பிறகு மல்லாரி. அதற்குள் மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுவிட, நாத்தனார் மூன்றாவது முடிச்சையும் போட்டிருப்பார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டபடி தாலியைப் பிடித்து இரண்டாம் தடவை கட்டுவது போலக் காட்டும்போது, கெட்டிமேளம் மிகச் சரியாக ஒலிக்கும். ஆல்பத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

கடையில் விற்காத தொகுப்பும் உண்டு. அது சேகரிப்பாளர் வீட்டில் இருக்கும். 1939இல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலி சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடத்திவரும் ராமநவமிக் கச்சேரிகளில் பந்தலுக்கடியில் பானகமும் கோசம்பரியும் சாப்பிட்டுக்கொண்டே பதிவு செய்தவை அவரிடம் இருக்கும், ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கும் மாற்றப்பட்டு. “இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்பார். “கிடைக்குமா?” என்று கேட்டால் காபி கிடைக்கும். புல்லாங்குழல் மாலி மேடைக்கு வராமல் போவதும், வந்தாலும் பாதியில் எழுந்து போவதும் பிரசித்தம். அவர் எழுந்து போன கச்சேரியின் பதிவைச் சேகரிப்பாளர்கள் அதிகம் மதிக்கிறார்கள். நாற்காலி நகரும் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கும் என்பது காரணம்.

இன்றைக்குக் கொள்ளளவு என்று ஒன்று இல்லை. ஆகாசவாணி 2016 குடியரசு தினத்தன்று பெங்களூரிலிருந்து தொடங்கிய ‘ராகம்’ நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே ஒலிபரப்பியது. அதற்கு முன்பே நகரத்தின் பண்பலைக்கு மழை வரவழைக்கும் அமிர்தவர்ஷிணியின் பெயரை வைத்திருந்தார்கள். பெங்களூரின் வடிகால்களைப் பார்த்தவர்கள் வேறு ராகத்தை யோசித்திருப்பார்கள். 2017இல் சரிகம நிறுவனம் பழைய டிரான்சிஸ்டர் உருவத்தில் 5,000 பாடல்களை அடைத்துக் ‘கார்வான்’ பெட்டியை விற்கத் தொடங்கியது. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது பெற்றோருக்குப் பரிசளிப்பது அது. செயலிகளில் பல்லாயிரம் கச்சேரிகள் கிடைக்கின்றன. மூன்றாவது கிருதிக்குப் பிறகு அவையாகவே குத்துப்பாட்டுக்குப் போய்விடும் வசதியும் உண்டு. முழுக்கச்சேரி, முழுத் தனி ஆவர்த்தனம், வேண்டிய வித்வான், வேண்டிய வருடம் என்று எதையும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் முழுச் சுதந்திரம் கிடைத்த பிறகு, ஐயாயிரம் பாட்டுள்ள அந்தப் பெட்டியில் பித்தான் தேய்ந்திருப்பது ஒரே இடத்தில்தான். ஐந்தரை மணிக்கு எம்.எஸ்., அதன் பிறகு பால்காரர்.