தலையில் நிற்கும் தேசங்கள்

கே: பிரேக்டான்ஸில் எந்த நாட்டுக்காரர்கள் கெட்டி?

ப: பிறந்த வீடு நியூயார்க்கின் பிராங்ஸ். 1970களில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் வளர்த்த பிள்ளை. புகுந்த வீடுகள்தான் இப்போது சீராட்டுகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஜப்பானின் அமிக்கும் கனடாவின் ஃபில் விஸார்டுக்கும் தங்கம். அமெரிக்காவுக்கு மிஞ்சியது விக்டரின் வெண்கலம்.

கொரியர்கள் என்றால் பம்பரம். அந்த ஊர் ஹாங் 10, சுழன்று வந்து தலைகீழாக ஒற்றைக் கையில் உடம்பை முறுக்கிச் சட்டென உறைவார். யாரோ 'ஸ்டாச்சூ' சொன்ன மாதிரி. ரெட்புல் பிசி ஒன் என்ற பிரேக்டான்ஸ் போட்டியின் பட்டத்தை 2006, 2013, 2023 என்று மூன்று முறை வென்றவர். மூன்றாவது வெற்றியின்போது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. (நாற்பதில் எனக்குக் குனிந்து செருப்பு மாட்டுவதே பெரிய சாகசமாக இருந்தது.) நெதர்லாந்தின் மென்னோ வேறு ரகம். கையையும் காலையும் ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து எடுப்பார். அமியோ அலட்டவே மாட்டார். டிஜே என்ன பாட்டைப் போடுவார் என்று தெரியாமலேயே தாளத்தில் கால் வைப்பார். என் ஓட்டு அவருக்குத்தான்.

அதே பாரிஸில் ஆஸ்திரேலியாவின் ரேகன் கங்காருபோலத் துள்ளினார். மூன்று போட்டிகள், நடுவர்களின் மொத்தம் 54 வாக்குகள், ஒன்றுகூட விழவில்லை. ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்தது அவர் பெயர்தான்! 2028 ஒலிம்பிக்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில். அங்கே பிரேக்டான்ஸ் கிடையாதாம்.