சுவருக்குள் சிக்கனம்

வீடு கட்டுபவரின் பட்ஜெட் ஞானம் பாராட்டுக்குரியது. கண்ணில் படும் சுவிட்சுக்கு மாடுலர், கூடத்துக்குச் சரவிளக்கு. கான்கிரீட்டுக்குள் புதையப்போகும் பி.வி.சி. வயரிங் பைப்புக்கு எதற்குக் காசு? ‘ஹெவி’ ரகம் வேண்டாம், ‘லைட்’ போதும். 25 மி.மீ. ஆடம்பரம், 20 மி.மீ.க்குள் எல்லா ஒயரும் கூட்டுக்குடும்பம்போல அனுசரித்துப் போகட்டும்.

பைப்பின் உள்ளிடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் ஒயர் இருக்கலாம் என்கிறது பொறியியல். மீதிக் காற்றுக்கு யார் பணம் கொடுப்பது?

தளம் போட்ட அன்றே பைப் நசுங்கியது. ஏ.சி. ஞாபகம் வந்ததோ பெயிண்ட் அடித்து முடித்த பிறகு. அதன் ஒயருக்குப் பைப்பில் இடமில்லை; கட்டர் வந்து சுவரைப் பிளந்தது. காடி வெட்டக் கூலி, பூசக் கூலி, மறுபடி பட்டி, பெயிண்ட். இவையெல்லாம் நோட்டில் ‘இதர செலவு’.

அதே நோட்டின் ‘வயரிங் பைப்’ பக்கத்தில் இன்னமும் மிச்சம்தான்.