மெயின்டனன்ஸ் மாமா

உங்கள் வீட்டில் ஏதாவது பழுதானால் மெயின்டனன்ஸ் மாமாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. மறுநாள் காலை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ரெண்டு நாளா மிக்ஸி சத்தமே கேக்கலியே, இன்னா ஆச்சு?" என்று அவரே வந்து நிற்பார். சட்னி அரைக்கிற சத்தத்தை வைத்துப் புஷ் தேய்ந்த மிக்ஸியையும், ஓடுகிற சத்தத்தை வைத்துக் காற்று வாங்கும் மோட்டாரையும் தெருவில் நின்றபடியே சொல்லக்கூடியவர். நீங்கள் வாயைத் திறந்து என்ன கோளாறு என்று சொல்வதற்குள் அவர் கழட்டத் தொடங்கியிருப்பார். கேட்டுவிட்டுக் கழட்டுவது கற்றுக்குட்டி வேலை என்பது அவர் கருத்து.

இந்த ரகத்து ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. சேதராப்பட்டில் விளைச்சல் கொஞ்சம் அதிகம். புதுச்சேரி எது, தமிழ்நாடு எது என்று பஸ் கண்டக்டரே யோசிக்கும்படி எல்லை வளைந்து நெளிந்து போகும் மயிலம் ரோட்டில், பிப்டிக் தொழிற்பேட்டையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. வரிச் சலுகையை நம்பி வந்த கம்பெனிகளில் ஒன்றில்தான் மாமா மெயின்டனன்ஸ் பிரிவு ஃபிட்டராக இருந்தார். சலுகைக் காலம் முடிந்ததும் கம்பெனி மூட்டை கட்டியது. மிஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெயின்டனன்ஸை மட்டும் இங்கேயே விட்டுவிட்டார்கள். அன்றுமுதல் ஊரே அவருக்குத் தொழிற்சாலை, நாமெல்லாம் புரொடக்‌ஷன்.

அவரிடம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. ஊரில் அவர் கைபட்ட ஒவ்வொரு சாமானிலிருந்தும் ஒன்றிரண்டு ஸ்குரூ அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. "மாமா, மாட்டி முடிச்சப்புறம் இது மீந்துபோச்சே" என்று நீட்டினால், கூச்சமே இல்லாமல் வாங்கிப் பாட்டிலில் போடுவார். "கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. எப்பவுமே நாலு ஸ்குரூ கூடத்தான் போடுவான்."

காசு வாங்க மாட்டார். அவர் கூலி இரண்டே இரண்டு: நேரத்துக்கு டீ, டார்ச் பிடிக்க ஓர் ஆள். அந்த ஆள் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். "என் மூஞ்சில அடிக்காதே, உள்ளே அடி", "ஆட்டாதே", "நீ எங்கே பாக்குறே, நான் எங்கே பாக்குறேன்" என்று, அவரவர் வீட்டிலேயே அவரவர் திட்டு வாங்குவது சேதராப்பட்டில் சாதாரணம். வீட்டுக்காரர் பேங்கில் மேனேஜராக இருந்தாலும் டார்ச் கையில் வந்துவிட்டால் பத்து வயசுப் பையன்தான்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரு நாள் பீட்சா அடுப்பு குறுக்கிட்டது.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பி ஆரோவில் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்து, மாவை உள்ளங்கையால் தட்டி விரிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டவன். ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, தோட்டத்தில் வைத்துச் சுடுகிற கேஸ் பீட்சா அடுப்பை அவனிடம் மலிவாகத் தள்ளிவிட்டது. எவர்சில்வர் உடம்பு, நான்கு கால், வளைந்த வாய், உள்ளே சதுரமாக ஒரு கல், கல்லுக்குப் பின்னால் பர்னர். மொட்டை மாடியில் ஷீட் கூரைக்குக் கீழே வைத்தார்கள். அவனுடைய ஆயா அதை நாய்க்கூண்டு என்றுதான் சொல்வாள்.

முதலில் நன்றாகத்தான் எரிந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 1984-இல் தொடங்கிய பீட்சா சங்கம் ஒன்று உண்டு. அசல் பீட்சா 60-லிருந்து 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு அடுப்புக்குள் 400 டிகிரிக்கு மேல் அனல் வேண்டும். தம்பியின் அடுப்பும் அதைத் தொட்டது. பிறகு மழைக்காலம் வந்தது; அடுப்பு சும்மா கிடந்தது. தை பிறந்து மறுபடி பற்றவைத்தபோது தீ மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. உள்கூரை கரி பிடித்தது. நாபை அழுத்திப் பிடித்திருக்கும் வரை எரியும். கையை எடுத்தால் டப்பென்று அணையும். ஒரு பீட்சா வேகும் நேரத்துக்குள் கீழே ஆயா சோறு வடித்து, குழம்பு கூட்டி, சாப்பிட்டும் முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் சைக்கிள் நின்றது.

"மாடியில கரி வாசனை அடிக்குதே, இன்னா அது?"

மாமா அப்படி ஓர் அடுப்பை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொள்பவரா? மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, பின்பக்கத் தகட்டைப் படித்தார். ஜி30, 28-30 மில்லிபார் என்று இருந்தது. யாரிடமோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, வீட்டாரைக் கூட்டி நிறுத்தி விளக்கினார். ஜி30 என்றால் பியூட்டேன், ஜி31 என்றால் புரோப்பேன். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கிறது. நம் ரெகுலேட்டர் விடுகிற அழுத்தமும் ஏறக்குறைய 30 மில்லிபார்தான். "ஆகமொத்தம் பொருத்தம் அருமையா இருக்கு. பிரஷர்ல பழுதே கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு கீழே போய், சமையலறை ரெகுலேட்டரைக் கழட்டிக்கொண்டு மேலே வந்தார். "இருந்தாலும் மனசுக்கு ஒரு திருப்தி வேணும் பாரு."

கீழே ஆயாவின் உலை பாதியில் நின்றது. மஞ்சள் ரேஷன் அட்டைக்குச் சிலிண்டருக்கு 150 ரூபாய் மானியம் என்று 2023-இல் புதுச்சேரி அரசு அறிவித்த நாளிலிருந்து, கேஸ் விஷயத்தில் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் தானே என்று ஆயா நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாடியைப் பார்த்து அவள் விட்ட வசவை இங்கே எழுத முடியாது.

மாமாவின் சிறப்பே இதுதான். அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும், வரிசைதான் தலைகீழ். சுலபமான காரணத்தை முதலில் பார்ப்பது அவர் படித்த படிப்புக்கு இழுக்கு. பழுது என்று ஒன்று வந்துவிட்டால் அது அவருடைய தகுதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அடுத்து தெர்மோகப்பிளுக்கு வந்தார். பர்னர் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த கம்பியை டார்ச் வெளிச்சத்தில் சுட்டிக்காட்டி, "தீ எரியுதுன்னு சாட்சி சொல்றவன் இவன்தான்" என்றார். இரண்டு வெவ்வேறு உலோகத்தைச் சேர்த்துச் செய்தது. முனை சூடானால் சில மில்லிவோல்ட் கரண்ட் கிளம்பும். அந்தத் துளிக் கரண்டில்தான் வால்வின் காந்தம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முனை சூடாகாவிட்டால் காந்தம் விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும், தீ அணையும். காற்றில் தீ அணைந்து கேஸ் மட்டும் வெளியேறாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஜீரோ நம்பர் எமரி ஷீட்டைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து, முனையைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். கரி போய்ச் செம்பழுப்பு தெரிந்தது. நட்டைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தார். அந்த நிமிடத்தில் அவர் கையைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கம்பெனி எதை இழந்துவிட்டுப் போனது என்று புரிந்திருக்கும்.

பற்றவைத்தார். மஞ்சள் தீ. கையை எடுத்தார். டப்.

"ஜெட்டுல அடைப்பு இருக்கும் மாமா, ஊக்கை விட்டுக் குத்திப் பாக்கலாமா?" என்றான் தம்பி. மாமாவின் முகம் சிவந்துவிட்டது. பித்தளை ஜெட்டின் துளையில் ஊசியோ ஊக்கோ விடுவது அவர் சட்டத்தில் மன்னிப்பில்லாத குற்றம். துளை மயிரிழை பெரிதானாலும் கேஸ் கூடுதலாகப் பாய்ந்து தீயின் கணக்கே மாறிவிடும். ஊதித்தான் சுத்தம் பண்ண வேண்டும். ஊதினார். ஜெட் சுத்தமாகத்தான் இருந்தது.

கேஸ் என்று வந்துவிட்டால் மாமா விளையாட மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறை கழட்டுவதற்கும் முன்னால் ரெகுலேட்டரை மூடுவார். மாட்டிய பிறகு இணைப்புக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை முட்டை விடுகிறதா என்று பார்ப்பார். ஆரஞ்சு டியூபில் அச்சடித்த வருஷத்தைப் படித்து, ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அங்கேயே அறுத்துப் போட்டுவிடுவார். "கேஸ் காத்தைவிடக் கனம். மேலே போவாது, தரையோட தரையா படுத்துக்கிட்டுக் கெடக்கும்" என்று சொல்லி, பீடியோடு வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பினார். அந்தத் தெருவில் பாதி வீட்டுச் சமையலறைச் சுவரில் 1906 என்ற கேஸ் கசிவு அவசர எண் கோணல்மாணலாக எழுதியிருக்கும், அவர் கையெழுத்துதான்.

மத்தியானத்துக்குள் மாடித் தரை முழுக்க அடுப்பாகிவிட்டது. கல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். ஹார்லிக்ஸ் பாட்டில் திறந்த வாயோடு காத்திருந்தது. மாமா இப்போது வால்வையே பிரிப்பது பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

மாடிப்படியின் மேல்படியில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்த பெண். காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்:

"மாமா, அந்தக் குழா வாயில மண்ணு அடைச்சிருக்கே. நீங்க வந்தப்பவே சொன்னேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெட்டுக்கு முன்னால் இருக்கும் மிக்ஸிங் டியூப். ஜெட்டிலிருந்து கேஸ் சீறிக்கொண்டு பாயும்போது, பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற இடம். கேஸும் காற்றும் சரியாகக் கலந்தால் நீலத் தீ. காற்று குறைந்தால் மஞ்சள் தீ, கரி. மஞ்சள் தீ தளர்ந்து ஆடும், தெர்மோகப்பிளின் முனையைச் சரியாகத் தொடாது; ஆகவே கையை எடுத்தால் அணையும். காலையிலிருந்து மாமா விளக்கிய அத்தனை பாடத்துக்கும் விடை, அந்தக் குழாயின் வாயில் செம்மண் உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

குளவிக் கூடு.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரெகுலேட்டர் என்றால் மரியாதை, வால்வு என்றால் பெருமை. குளவி எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? அவரைத் தேற்றுவதற்காக, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் 2013-இல் நடந்ததைச் சொன்னேன். விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாயில் குளவி கூடு கட்டியதால், கிளம்பிய விமானம் திரும்பி வந்து இறங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மாஸ்டா கம்பெனி, பெட்ரோல் டாங்கின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை பின்னியதற்காக வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாயங்காலம் டீக்கடையில் அவர் பிரிஸ்பேன் கதையைச் சொன்ன தோரணையைப் பார்த்தவர்கள், அந்த விமானத்துக்கு டார்ச் பிடிக்கச் சொன்னதே இவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. மாமா ஆக்ஸா பிளேடை எடுத்தார். அதற்குள் ஆயா மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டாள்.

"யாராவது கை வச்சீங்க, தெரியும் சேதி! புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல குளவி கூடு கட்டியிருக்கு. கலைக்கலாமா?"

குளவி கூடு கட்டும் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. இதற்கு எதிராக எந்த ஃபிட்டரும் பேச முடியாது. பிரசவம் முடிகிற வரை அடுப்பு இப்படியே கிடக்கட்டும் என்று ஆயா உத்தரவு போட்டுவிட்டாள். தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பழுது எது என்று மாமாவுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. கைவைக்கத்தான் அனுமதி இல்லை. அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்று அத்தை சொன்னாள்.

விடிந்ததும் வந்தார். "ஆயா, கூட்டைக் கலைக்கக் கூடாது, அவ்ளோதானே? இடம் மாத்தக் கூடாதுன்னு சொல்லலியே?"

ஆயா யோசித்தாள். சாஸ்திரத்தில் அதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

மிக்ஸிங் டியூபைத் தனியே கழட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிளேடின் நுனியைக் கூட்டுக்கும் இரும்புக்கும் நடுவே நூலளவு விட்டு, பொறுமையாகச் சுற்றி வந்தார். அப்போது டார்ச் பிடித்திருந்த தம்பிக்கு ஒரு திட்டும் விழவில்லை. அந்த மாதிரி மௌனம் மாமாவிடம் அபூர்வம். விரிசல் இல்லாமல் கூடு முழுசாகக் கையில் வந்தது. எம்-சீலின் இரண்டு துண்டையும் விரலில் பிசைந்து, வாசல் நிலைப்படிக்கு மேலே, விநாயகர் படத்துக்கு வலது பக்கம், கூட்டை ஒட்டினார். ஆயா கிட்டே போய்ப் பார்த்தாள். கூடு வீட்டில்தான் இருக்கிறது, கலையவுமில்லை. தலையாட்டினாள்.

அடுப்பு நீலமாகச் சீறியது. கையை எடுத்தும் நின்று எரிந்தது. தம்பி சுட்ட முதல் பீட்சாவை மாமாவிடம்தான் நீட்டினான். கடித்துப் பார்த்துவிட்டு, "எரியறது நல்லாத்தான் எரியுது. கல்லுல இடது பக்கம் சூடு ஒரு சுத்து கம்மியா இருக்கு. நாளைக்கு வந்து கழட்டிப் பாக்குறேன்" என்றார். அன்று மீந்த மூன்று ஸ்குரூவும் பாட்டிலுக்குள் போயின.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆயா குளவிக்குக் கற்பூரம் காட்டினாள். குழந்தையைப் பார்க்க வந்த மாமா முதலில் நிலைப்படியைத்தான் நிமிர்ந்து பார்த்தார். கூட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தம்பியிடம் சொன்னார்:

"எம்-சீல் போட்டது. அடுத்ததுக்கும் தாராளமாத் தாங்கும்."