ஒயர் அண்ணன்

சென்னையில் எந்த மெல்லிசைக் குழுவிலும் ஒரு ஒயர் அண்ணன் இருப்பார். வாசிப்பது பேஸ் கிட்டார். வரவேற்பில் முன்வரிசை மாமாக்களுக்கு அப்படியொரு வாத்தியம் மேடையில் இருப்பதே தெரியாது; நாலு கம்பியைப் பார்த்து, பாவம் மீதி ரெண்டும் அறுந்துபோச்சு போல என்று இரக்கப்படுவார்கள். வாசிப்பு நின்றால்தான் ‘என்னமோ குறையுதே’ என்று நிமிர்வார்கள். ஆக, அண்ணனை உலகம் கவனிப்பது ஒயர் போன அன்றைக்கு மட்டும். அவருக்கு ஒயர் மேல் அத்தனை பித்து ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கிட்டாரைத் தூக்க ஒரு ஆள் போதும், ஒயர்ப் பெட்டிக்கு ரெண்டு பேர் வேண்டும். புதுப்பையன் யாராவது குழுவில் சேர்ந்தால் அண்ணன் ரெண்டு ஒயரை நீட்டுவார். ரெண்டும் கறுப்பு, ரெண்டின் முனையிலும் அதே கால் அங்குல ஜாக்.

“எது கிட்டாருக்கு, எது ஸ்பீக்கருக்கு?”

பையன் விழிப்பான்.

“மூஞ்சியைப் பார்க்காதே தம்பி, குடலைப் பாரு” என்று ஜாக்கின் மூடியைத் திருகிக் காட்டுவார். கிட்டார் ஒயருக்குள் நடுவே மெல்லிய கம்பி, அதைச் சுற்றிச் செம்பு வலை. வெளி இரைச்சலைத் தடுப்பது அந்த வலைதான். ஸ்பீக்கர் ஒயரில் வலை கிடையாது, தடித்த ரெண்டு கம்பி மட்டும். அதைக் கிட்டாரில் சொருகினால் மண்டபத்து இரைச்சலெல்லாம் உள்ளே வந்துவிடும். கிட்டார் ஒயரை ஸ்பீக்கருக்குப் போட்டாலோ ஒயர் சூடாகும், ஆம்ப்புக்கே ஆபத்து வரலாம். இதுவரை அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பக்தி ஆரம்பிப்பது ரிச்சி தெருவில். கடைக்காரர் நீட்டும் ஒயரை வளைப்பார், முறுக்குவார், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி நடக்கவிட்டும் பார்ப்பார். 3 மீட்டரா 6 மீட்டரா என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. நீளம் கூடினால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், மேல் ஸ்தாயி மங்கும் என்று ஆரம்பிப்பார். உண்மைதான். ஆனால் அண்ணன் நாளெல்லாம் தட்டுவது கீழ்க்கம்பி. சும்மா தட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. கெப்பாசிட்டன்ஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போதாததற்கு அவருடையது ஆக்டிவ் பேஸ். உள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் இருப்பதால் நீள ஒயரெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஆட்டோவில் திரும்ப முடியாது என்பதால் நான் சொல்வதில்லை.

அம்புக்குறி போட்ட ஒயரும் வைத்திருக்கிறார். அம்பு ஆம்ப்பைப் பார்த்துதான் இருக்க வேண்டுமாம். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னும் ஓடுவது. அதற்கு ஒருவழிப் பாதை தெரியாது.

ஆனாலும் ஆளை லேசாக எடைபோட முடியாது. மண்டபத்தில் ‘ங்ங்’ என்று ஹம் கிளம்பி, சவுண்ட்காரர் நாலு திசையும் ஓடும்போது அண்ணன் மட்டும் கண்ணை மூடிக் கேட்பார். “மூணாவது கட்டையில ஜி 49. கரண்ட் 50. ஈபிக்குச் சுருதி கொஞ்சம் தூக்கல்.” நிதானமாகக் குனிந்து டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டுவார். ஹம் அடங்கும்.

போன மாதம் ஒரு வரவேற்பில் ரெண்டாவது பாட்டிலேயே பேஸ் ஊமையாகிவிட்டது. அண்ணன் ஒயர் மாற்றினார். இன்னொன்று மாற்றினார். பெட்டியையே மேடையில் கவிழ்த்தார். கீபோர்டுக்காரர்தான் மெல்லக் கேட்டார்: “அண்ணே, நேத்து ராத்திரி ஜாக்கைக் கழட்டினீங்களா?”

ஆக்டிவ் பேஸில் ஜாக் சொருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். புது ஒயர் ஆயிற்றே, பிரிய மனமில்லாமல் விடியவிடியச் சொருகியபடியே விட்டிருந்தார். பெட்டியில் பேட்டரி தவிர மற்றதெல்லாம் இருந்தது.

அண்ணன் அசரவில்லை. ஜாக்கைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: “பார்த்தியா, கான்டாக்ட் எவ்வளவு சுத்தம்! ஒரு சொட்டு சார்ஜ் விடாம உறிஞ்சியிருக்கு.”