எங்க காலத்துச் சிங்கம்

பழையதைப் புதுப்பித்துக் கொடுக்கும் ரீமாஸ்டர் என்பது சித்தூர்க்காரர்களுக்குப் புதிய சமாசாரம் அல்ல. 1911-ல் உண்டான எங்கள் மாவட்டத்தையே 2022 ஏப்ரல் 4 அன்று ரீமாஸ்டர் செய்து கையில் கொடுத்தார்கள். காணிப்பாக்கம் பிள்ளையார் இந்தப் பக்கம் நின்றுவிட்டார். ஏழுமலையான் அந்தப் பக்கம் போய்விட்டார். திருப்பதிக்கு பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக அதே எழுபது கிலோமீட்டர்தான். அன்று பெரிய ஊருக்குப் போனோம், இன்று வேறு மாவட்டத்துக்குப் போகிறோம். சாலை அகலமாகிவிட்டது, பஸ்ஸில் ஏசி வந்துவிட்டது. மலைமேல் தரிசனத்துக்குக் காத்திருக்கும் நேரம் மட்டும் அசல் பதிப்பில் இருந்தபடியே இருக்கிறது.

அந்த வேறு மாவட்டத்தில், திருப்பதி பைராகிப்பட்டேடாவில் இருக்கும் அக்கா வீட்டில், அக்கா மகன் டிவியில் ஒரு விளையாட்டைப் போட்டான். திரையின் இடது ஓரத்தில் சிம்பா என்ற ஒரு சிங்கக்குட்டி. அது வலதுபக்கமாக ஓட வேண்டும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், முள்ளம்பன்றி வந்தால் உறும வேண்டும். 'தி லயன் கிங்'. படம் வந்த 1994-லேயே, வருடக் கடைசியில் வந்த விளையாட்டு. லாஸ் வேகாஸில் இருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் செய்தது. அதையும் அதற்கு முந்தைய வருடத்து 'அலாதீ'னையும் ஒன்றாகச் சேர்த்து, புதுப்பித்து, 2019 அக்டோபரில் டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்திருக்கிறது. பையன் அதைத் தள்ளுபடியில் வாங்கியிருந்தான்.

"மாமா, இது உங்க காலத்து கேம்தானே?" என்றான். எனக்கென்று ஒரு காலம் இருந்தது, அது முடிந்தும் போய்விட்டது என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1990களின் நடுவில், சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில், ஒரு வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். தூசி ஆகாது என்பது சார் சொன்ன காரணம். வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது நாங்களாகப் புரிந்துகொண்ட காரணம். உள்ளே ஏசி. சித்தூர் மே மாதத்தில் ஏசி வேண்டுமென்றால் பேங்க் மேனேஜர் அறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இங்கே வர வேண்டும். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுதபூஜை வரை மானிட்டர் நெற்றியில் இருக்கும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா பணம் கட்டியது அதற்கு. வகுப்பு முடிந்தபின் அரை மணிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் 'பிராக்டிஸ்' பண்ணலாம். எதை பிராக்டிஸ் பண்ணுகிறோம் என்று சார் கேட்டதில்லை. ஐந்து ரூபாய் வாங்குகிறவர் கேட்கவும் மாட்டார்.

எல்லாம் 386 மிஷின்கள். கலர் மானிட்டர் ஒன்றே ஒன்று, அது சார் ரூமில். எங்களுக்கு மோனோ. உலகமெல்லாம் பொன்னிறமாகப் பார்த்த சிம்பாவை நாங்கள் சாம்பல் நிறத்தில் பார்த்தோம். சவுண்ட் கார்டு கிடையாது. டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் அவ்வப்போது கீச்சென்றால் உண்டு. விளையாட்டு வந்ததுகூட பெங்களூரிலிருந்து யாரோ காப்பி செய்து கொண்டுவந்த ஃப்ளாப்பிகளில். அதில் ஒன்றில் பேட் செக்டர் விழுந்துவிட்டால், 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று திரை கேட்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்காரப் போகிற பையனிடம் கேட்கிற கேள்வியா அது?

முதல் கட்டத்தைக் கடந்துவிடலாம். கழுதைப்புலி ஒன்று வரும், மூச்சு வாங்கும், அப்போது மேலே குதித்தால் போதும். இரண்டாவது கட்டம்தான் எமன். மரத்துக்கு மரம் குரங்குகள் சிம்பாவைத் தூக்கி வீசும். எந்தக் குரங்கைப் பார்த்து உறுமினால் அது எந்தப் பக்கம் திரும்பும், திரும்பினால் நாம் எங்கே போய் விழுவோம் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் நெருப்புக்கோழிச் சவாரி வேறு. சேமித்து வைக்கும் வசதி கிடையாது. உயிர் தீர்ந்தால் முதலிலிருந்து. உயிர் தீராவிட்டால், "டைம் அயிப்போயிந்தி பாபு" என்று பின்னாலிருந்து குரல் வரும். அதற்கும் தப்பினால் கரண்ட் போகும்.

இந்தக் குரங்குகளின் பின்னணி பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வெஸ்ட்வுட்டை நிறுவியவர்களில் ஒருவரான லூயிஸ் கேஸில் பின்னாளில் சொன்னது இது: அமெரிக்காவில் பிள்ளைகள் விளையாட்டுகளை வாடகைக்கு எடுத்துப்போவார்கள், வாடகை நாளுக்குள்ளேயே வெகுதூரம் போய்விட்டால் கடையில் வாங்க மாட்டார்கள், ஆகவே ஆரம்பத்திலேயே கடினமாக்கிவிடச் சொன்னது டிஸ்னி. அமெரிக்க வாடகைக் கடைக்காக வைத்த பொறியில் கிரீம்ஸ்பேட்டைப் பையன் மாட்டிக்கொண்டான். அவர்களுக்காவது சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் இருந்தது. எனக்கு அரை மணி, அதுவும் மிஷின் பூட் ஆகும் நேரம் போக. கடையில் வாங்கும் உத்தேசமோ எனக்கு எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை.

மூன்றாவது கட்டத்தைப் பார்த்தவன் என்று எங்கள் பள்ளியில் ஒருவனுக்குத் தனி மரியாதை. கட்டமஞ்சி ஏரிப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் கதை சொல்வான். யானை எலும்புகள் குவிந்த சுடுகாடு ஒன்று வரும், அதற்கப்புறம் காட்டுமாட்டுக் கூட்டம் திரைக்குள்ளிருந்து நம் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும் என்றெல்லாம் சொன்னான். படத்தைப் பார்த்துவிட்டு அளக்கிறான் என்று சிரித்தோம். இப்போது பார்த்தால் அவன் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கிறது. அவன் இன்று ரேணிகுண்டா பக்கம் மனை விற்கிறான். அங்கே என்னவெல்லாம் வரப்போகிறது என்று அவன் சொல்வதையும் நம்பியிருக்க வேண்டுமோ என்னவோ.

திருப்பதி சோபாவுக்கு வருகிறேன். புதிய பதிப்பில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம். குரங்கு தவறான பக்கம் வீசிவிட்டதா? ஒரு பொத்தானை அமுக்கினால் காலம் பின்னோக்கி ஓடும். விழுந்த சிம்பா பள்ளத்திலிருந்து மேலே எழுந்து, காற்றில் பின்புறமாக நீந்தி, குரங்கின் கைக்கே திரும்பப் போவான். அதுவும் சிரமமாக இருந்தால் விளையாட்டு தன்னைத் தானே விளையாடிக்கொள்ளும்; சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிடித்த இடத்தில் உள்ளே நுழைந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம். சித்தூரில் அன்று இந்த வசதி நான்கு பேருக்கு இருந்தது: என் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு.

பாட்டும் இருக்கிறது. இந்த விளையாட்டுக்குள் பாட்டு உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அந்தப் படத்துக்காக 1995-ல் ஹான்ஸ் ஜிம்மரின் இசைக்கு ஓர் ஆஸ்கார், எல்டன் ஜானின் பாட்டுக்கு ஓர் ஆஸ்கார். கிரீம்ஸ்பேட்டையில் இரண்டும் கீச்சென்றுதான் கேட்டன. பழைய நினைவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று விற்கிறார்கள். என் விஷயத்தில் அது பொய். சார் ரூமில் மட்டும் இருந்ததை இப்போதுதான் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஃபில்டர். அன்று கண் கெட்டுவிடும் என்று மானிட்டருக்கு முன்னால் கறுப்பாக ஒரு ஃபில்டர் கண்ணாடி மாட்டியிருப்பார்கள், பழைய திரையின் கோடும் கூசலும் தெரியாமல் இருக்க. இன்று படம் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் பழைய சுகம் வரவில்லை என்று சிலருக்குக் குறையாம். அவர்களுக்காக மெனுவில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் கோடுகள் திரும்ப வந்துவிடும். அக்கா மகன் அதைப் போட்டுத்தான் ஆடுகிறான். பழைய டிவி எப்படி இருக்கும் என்று அவன் எனக்கு விளக்கவும் விளக்கினான்.

கன்ட்ரோலரைக் கையில் வாங்கினேன். குரங்குகள் வந்தன. வீசின. விழுந்தேன். பொத்தானை அமுக்கினேன். எழுந்தேன். யானைச் சுடுகாடு, காட்டுமாடுகள், அருவியில் மிதக்கும் மரக்கட்டைகள், தேங்காய் எறியும் கொரில்லா என்று போய்க்கொண்டே இருந்தேன். சிம்பா வளர்ந்து பிடரியோடு நின்றான். என் சிம்பா அதுவரை ஒருநாளும் வயசுக்கு வந்ததில்லை. கடைசியில் வில்லன் ஸ்காரைப் பாறையிலிருந்து தூக்கி எறிந்தபோது அக்கா இன்னும் தோசைக்கல்லை அடுப்பில் போடவில்லை.

"மாமா, இது போங்கு," என்றான் பையன். அவன் ரீவைண்டைத் தொடுவதே இல்லை. சேமிப்பதும் இல்லை. 1994-ல் எப்படி ஆடினார்களோ அப்படியே ஆடிப் பார்க்க வேண்டுமாம். அன்று ராத்திரி அதே இரண்டாவது கட்டத்தில், அதே குரங்குகளிடம் அவன் மாட்டிக்கொண்டு கிடந்ததைச் சோபாவில் சாய்ந்தபடி பார்த்தேன். "எங்க காலத்துல இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கஷ்டத்தைப் பட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

இது திருப்பதியில் பழகிய காட்சிதான். 1944-ல் மலைக்கு ரோடு போடும்வரை எல்லாருக்கும் படிதான் வழி, முடியாதவர்களுக்கு டோலி. "நாங்கல்லாம் அலிபிரியிலிருந்து படியேறிப் போனவங்க" என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்வது மலைப்பாதை பஸ்ஸின் ஜன்னலோர சீட்டிலிருந்து. கையில் முந்நூறு ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட், மாதங்களுக்கு முன்பே இணையத்தில் போட்டது. அதே நேரத்தில் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகளில் வியர்வை சொட்டச் சொட்ட ஏறிக்கொண்டிருப்பது பெங்களூர் ஐடி கம்பெனிப் பையன்களும் பெண்களும். படியின் பெருமையைப் பேசுகிறவர் ஒருவர், படியில் ஏறுகிறவர் இன்னொருவர்.

அன்று கஷ்டத்தை நாங்கள் விரும்பி ஏற்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். ரீவைண்ட் பொத்தான் ஒன்று கிரீம்ஸ்பேட்டையில் இருந்திருந்தால் அதன்மேல் எழுத்து அழியும்வரை அமுக்கியிருப்போம், அதற்கும் சார் தனியாக ஐந்து ரூபாய் வாங்கியிருப்பார். வழி இருந்தும் வேண்டாம் என்று சொல்கிறானே, அவன் செய்வதுதான் பிடிவாதம், வைராக்கியம் எல்லாம். நாங்கள் செய்தது வெறும் காத்திருப்பு.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய விளையாட்டு புதிதாக வந்திருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். ரீவைண்டைத் தாராளமாக அமுக்குங்கள், காசு கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேர்வழியில் தோற்றுக்கொண்டிருக்கும் பையனிடம் 'எங்க காலத்துல' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நம் காலத்தை நம்மைவிட ஒழுங்காக அவன்தான் ஆடிக்கொண்டிருக்கிறான்.