மிதியடிக்குக் கீழே மங்கம்மாள் சாலை

எங்கள் அத்தான் மூன்று வருடமாக ஒரு நெடும்பயணம் போய்க்கொண்டிருக்கிறார். 1972 மாடல் அம்பாசடரில், தூத்துக்குடியிலிருந்து கொற்கை, திருநெல்வேலி, பிறகு பழைய மங்கம்மாள் சாலையைப் பிடித்து மதுரை. இதுவரை வாசலைத் தாண்டவில்லை.

வரைபடம் மட்டும் நாலு போட்டாயிற்று. முதல் நிறுத்தம் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போய், வயலுக்கு நடுவே கிடக்கிற ஊர். "கடலே கெளம்பிருச்சு, நீங்க எப்ப அத்தான் கெளம்புவிய?" என்றால் முறைக்கிறார். சாலைக்குப் பெயர் தந்த மதுரை ராணி மங்கம்மாள் 1689-ல் ஆட்சிக்கு வந்தவர், இருபது வருடம்கூட ஆளவில்லை. அதற்குள் சாலை, சத்திரம் எல்லாம் முடித்துவிட்டார். அவருக்குக் கார்புரேட்டர் இல்லை என்பது வேறு விஷயம்.

உப்பளக் காற்று தகரத்தை விடுமா? டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். எங்கள் தெரு தெரிந்தது, அதில் ஒரு கோழியும்.

மெக்கானிக் நொந்துபோய்ச் சொன்னார்: "அண்ணாச்சி, இங்க முத்துக்குளிப்பு 1961-ல நின்னுச்சு. அம்பாசடர் உற்பத்தி 2014-ல நின்னுச்சு. இனி ரெண்டையும் முங்கித்தான் தேடணும்."

வழிக்கென்று வாங்கிய அரைக்கிலோ மக்ரூனை, போன ஞாயிறு, நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். பின்சீட்டிலிருந்து அக்கா கேட்டாள்: "கொற்கை தாண்டியாச்சா?"