கண்மாய்க் கரையில் மீசை முளைத்தவர்: ஒரு முன்னாய்வு

சிவகங்கைச் சீமையில் பிறந்து, பிழைப்புக்குச் சென்னை போய், நாற்பதைத் தாண்டிய பிறகு ஊர்க் கண்மாயில் தூண்டில் போடத் திரும்பி வரும் ஆண்களே இவ்வாய்வின் பொருள். கருதுகோள் எளியது: சிறுவன் கரையில் குந்தியிருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை, பெரியவன் குந்தினால் ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டும்.

முதலில் கருவிகள். அன்று மூங்கில் கம்பு, தங்கூசு, பெட்டிக்கடை முள், அறுந்த ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு நெளியும் மண்புழு. இன்று கார்பன் பைபர் கம்பு, ரீல், மடக்கு நாற்காலி, விராலை ஏமாற்ற ஒரு ரப்பர் தவளை. அல்லி இலையில் உட்கார்ந்திருந்த அசல் தவளை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தது. விரால் அந்த அளவுக்குக்கூட மதிக்கவில்லை. மூச்சு வாங்க மேலே வந்தது, ஒரு வாய் காற்றை விழுங்கியது, போய்விட்டது.

மாட்டுவதெல்லாம் ஜிலேபி. ஆப்பிரிக்கப் பூர்வீகம், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெருக்கத்துக்குக் குறைவில்லை. அயிரையும் குரவையும் கிடைத்த கண்மாயில் இந்த வந்தேறியா என்று ஆய்வுக்குரியவர் அலுத்துக்கொள்வார். ஜிலேபி பாட்டுக்கு ஊரிலேயே குடும்பம் நடத்துகிறது. பொங்கலுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர் இவர்தான்.

இனி, கரை. பைக்கில் போகிறவர் நிறுத்தி, “என்ன சார், இடம் பாக்குறீகளா?” என்கிறார். வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பேண்ட் போட்ட ஆளுக்கு மனை வாங்குவதைத் தவிர வேறு நோக்கம் இருக்க முடியாது என்பது வட்டாரத் துணிபு. ஆடு மேய்க்கும் அப்பத்தா வம்சாவளியை முழுதும் விசாரித்துவிட்டு, “ஏப்பா, மெட்ராசுல மீனு விக்கிறதில்லையா?” என்று நகர்கிறார். இதற்கு மறுமொழி இலக்கியத்திலும் இல்லை.

சட்டச் சிக்கல் இதைவிடப் பெரிது. கண்மாய் மீன்பாசி ஏலம் போவது. கணக்கு பசலி ஆண்டுப்படி, ஜூலை முதல் ஜூன் வரை. குத்தகை எடுத்தவரின் மீனைத்தான் அன்றும் பிடித்தோம். ஆனால் அரைக்கால் டவுசருக்கு எழுதப்படாத விலக்கு ஒன்று இருந்தது. காவலாள் மண்ணாங்கட்டியை எறிவார். அது எப்போதும் பத்தடி தள்ளியே விழும். குறி தவறியதாக நாங்கள் நம்பினோம். அவர் வேட்டைநாயையே குறிபார்த்து விரட்டியவர் என்பது பின்னாளில் தெரிந்தது. இன்றைய காவலாள் எதையும் எறிவதில்லை. “சார், ஏலம் எடுத்த கண்மாய்ங்க” என்கிறார். அந்த ‘சார்’ மண்ணாங்கட்டியைவிட வலிக்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா வந்தால் வயதுக் கணக்கு செல்லாது. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சாவோடு ஊரே சேற்றில் இறங்கும். அதற்குக் கார்பன் கம்பு உதவாது, லீவும் கிடைக்காது.

எனவே பரிந்துரை: அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, காவலாள் தெரிந்ததும் கம்பை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். மருமகன் போடுவது முழுநீள டிராக் பேண்ட். அரைக்கால் டவுசரில் வந்திருப்பது மாமாதான். அது விலக்கில் வராது என்று காவலாள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.